கறுத்துப்போன ராணி ரூபாய்க்கு விபூதி போடாதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் கை தானாக விபூதி டப்பாவுக்குப் போகும். விளக்கு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். ஈரத்துணியில் கொஞ்சம் விபூதி தொட்டு நாலு தேய் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். பாத்திரத்துக்கு இதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பூஜையறைத் தட்டில் லட்சுமி படத்துக்கு முன்னால் இருக்கிற விக்டோரியா ராணி ரூபாய்க்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. ஆடி வெள்ளிக்கு ஒரு தேய்ப்பு, ஆயுத பூஜைக்கு ஒரு தேய்ப்பு, தீபாவளிக்கு இன்னொன்று. இரண்டு தலைமுறை இப்படிப் போனால் ராணிக்குக் கிரீடம் எது, கூந்தல் எது என்று தெரியாது.

நான் வெள்ளி ரூபாய் சேர்ப்பவன் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டிலாவது பழைய காசு அகப்பட்டால் என்னிடம் காட்டக் கொண்டுவருவார்கள். "ஒங்கிட்ட காட்டணும்னு நல்லா வெளக்கி எடுத்துட்டு வந்தேன்பா" என்று முந்தானை முடிச்சை அவிழ்ப்பார் அத்தை. உள்ளே 1901ஆம் வருஷத்து ரூபாய் ஒன்று, புது எவர்சில்வர் தட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க மயிரிழைக் கீறல்கள், வட்ட வட்டமாக. அத்தையிடம் என்ன சொல்வது? "ரொம்ப நல்லாருக்கு அத்தை" என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கறுப்பை ஏன் தொடக்கூடாது என்று அப்போதைக்கு அவரிடம் விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது அழுக்கு இல்லை. வீட்டுச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மட்டும் வெள்ளியைக் கறுக்கச் செய்யாது. வேலையைக் காட்டுவது கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு எப்போதும் கொஞ்சம் உண்டு. நூறு கோடிப் பங்கில் ஓரிரு பங்கு இருந்தாலே போதும், வருஷக்கணக்கில் நேரம் கொடுத்தால் அது வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடாகப் படியும். ஈரம் கூட இருந்தால் வேகம் கூடும். சாக்கடை, முட்டை, வெங்காயம், கம்பளி, மட்டமான அட்டை, ரப்பர் என்று கந்தகம் வருகிற வழிகள் ஏராளம். கூவத்தின் ஓரம் குடியிருப்பவர்கள் வீட்டில் வெள்ளி சீக்கிரம் கறுப்பதில் அதிசயம் இல்லை, அந்த வாடையில் இருப்பது இதே வாயுதான். கொலுசு கறுத்தால் பெண்ணுக்கு உடம்புச் சூடு என்று வைத்தியம் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வியர்வையும் சோப்பும் காற்றும் செய்த வேலைக்கு உடம்பு பழி ஏற்கிறது.

இந்தப் படிவு ஒரேயடியாகக் கறுப்பாக வருவதில்லை, அங்கேதான் சுவாரஸ்யம். தொடக்கத்தில் அதன் தடிமன் ஒரு தலைமுடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அவ்வளவு மெல்லிய படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களை அழித்துச் சிலவற்றை மட்டும் விடுகின்றன. மழைத் தண்ணீரில் சிந்திய பெட்ரோலில் வானவில் தெரிகிறதே, அதே கணக்கு. படலத்தில் சாயம் எதுவும் கிடையாது, நிறம் முழுக்கத் தடிமனின் விளையாட்டு. ஆகவே நிறங்கள் ஒரு வரிசையில்தான் வரும். முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் பொன், செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, ஊதா, நீலம், வெளிர் நீலம். படலம் இன்னும் தடித்தால் இரண்டாம் சுற்று தொடங்கும். மறுபடி மஞ்சள், ரோஜா நிறம், பச்சை. அதையும் தாண்டினால் பழுப்பு, கடைசியில் கரி. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போலியைப் பிடிக்கும்போது உதவும்.

சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

டோனிங்கை ஒரு கலையாகவே கொண்டாடுகிறவர்கள் அமெரிக்கர்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய மார்கன் டாலர். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இல் ஒருமுறையும் அடித்த காசு. 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. வெள்ளிச் சுரங்கக்காரர்களின் நெருக்குதலால் சட்டம் போட்டுக் கோடிக்கணக்கில் அடித்தார்கள், மக்களோ அவ்வளவு கனமான காசைச் சட்டைப்பையில் சுமக்க விரும்பவில்லை. ஆக, மூட்டைக்கு ஆயிரம் என்று துணிப்பைகளில் கட்டிக் கருவூலத்தில் அடுக்கிவிட்டார்கள். ஒரு மூட்டை கிட்டத்தட்ட 27 கிலோ. பல மூட்டைகளை அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் பிரிக்கவேயில்லை.

அந்த மூட்டைக்குள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நடுவில் கிடந்த காசுகளுக்குக் காற்றே படவில்லை, இன்றும் வெள்ளையாக இருக்கின்றன. துணியை ஒட்டிக் கிடந்த காசுகளுக்கு மட்டும் துணியிலுள்ள கந்தகமும் வெளியிலிருந்து கசிந்த காற்றும் கிடைத்தன. ஒரு காசின் மேல் இன்னொன்று பாதி மறைத்துக் கிடந்தால், மறைந்த இடம் வெள்ளையாகவும் மறையாத இடம் பிறை வடிவில் பொன், சிவப்பு, நீலம் என்று வரிசை மாறாமலும் நிறம் பிடித்தன. சில காசுகளில் துணியின் ஊடும் பாவும்கூட அப்படியே அச்சாகியிருக்கும், லென்ஸ் வைத்தால் நூல் நூலாகத் தெரியும். 1962இல் கருவூலம் மூட்டைகளை வெளியே விட ஆரம்பித்தபோது, அதுவரை காணவே கிடைக்காது என்று நினைத்த நியூ ஆர்லியன்ஸ் 1903 டாலர் மூட்டை மூட்டையாக வந்து விலை தடாலென்று விழுந்தது. வானவில் காசுகளும் அந்த மூட்டைகளில்தான் வந்தன. அவற்றுக்கென்று தனிக் கூட்டம் சேர்வதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வேறு வழியிலும் அங்கே நிறம் வந்தது. 1930களிலிருந்து அவர்கள் காசு சேர்த்த அட்டை ஆல்பங்களில் கந்தகம் இருந்தது. காசின் விளிம்பு அட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும், நடுப்பகுதி தொடாது. நாளாவட்டத்தில் விளிம்பில் நீலம், உள்ளே சிவப்பு, நடுவில் பொன் என்று வட்டத்துக்குள் வட்டமாக வரும். 1947 முதல் 1958 வரை அமெரிக்க நாணயசாலையே ஆண்டுத் தொகுப்புகளை அட்டைகளில் வைத்து விற்றது, அவையும் இப்படித்தான் நிறம் மாறின.

சரி, நம் ஊர் ரூபாய் ஏன் இப்படி ஆவதில்லை? இதைக் கேட்டுக்கொண்டு போனால் வேடிக்கையான ஒரு கதையில் போய் முட்டும்.

முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. போர்ச் செலவுக்குக் காகிதப் பணம் பெருகியது, மக்களோ காகிதத்தை நம்பாமல் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். வாங்கியதைப் பானையில் போட்டு மூடினார்கள். 1917 நவம்பர் கடைசியில் முதல்முறையாக ஒரு ரூபாய் நோட்டு அச்சடிக்கும் நிலைமை வந்தது, அதில் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயின் படமே போட்டிருந்தது. கருவூலத்தில் வெள்ளி தீர்ந்துபோகும் போலிருந்ததால் பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்தது. 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் பெரும்பங்கு பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தது, பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாயாக அடிக்க.

அதாவது, மூட்டைக்குள் தூங்கிய டாலர்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கி வானவில் ஆனது. இன்னொரு பகுதி உருகிக் கப்பலேறி, ஜார்ஜ் மன்னர் தலையோடு மறுபிறவி எடுத்தது. நம் வீட்டுப் பூஜைத்தட்டில் இருக்கும் 1918, 1919 ரூபாய்களில் அந்த வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இங்கே வந்த வெள்ளிக்குத் தூங்க வாய்ப்பே கிடைக்கவில்லை. கை மாறித் தேய்ந்தது, கழுத்தில் காசுமாலையாகத் தொங்கியது, வளையம் பற்றவைத்து அரைஞாணில் கோத்தார்கள். பித்தளைச் சொம்பில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். 1940களின் தொடக்கத்தில் அரசாங்கம் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று வரிசையாகப் பழைய வெள்ளியைச் செல்லாக்காசாக்கித் திரும்ப வாங்கி உருக்கியது. தப்பியவற்றைத் தட்டார் உருக்கினார். அதிலும் தப்பியவற்றை நாம் விபூதி போட்டுத் தேய்த்தோம்.

தேய்ந்த காசுக்கு வானவில் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிதாக அடித்த காசின் பரப்பில், அச்சின் அழுத்தத்தில் உலோகம் வழிந்தோடிய நுண்ணிய கோடுகள் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி இருக்கும். காசை விளக்கடியில் சாய்த்துச் சுற்றினால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரம் போல் சுழலுமே, அது இந்தக் கோடுகளால்தான். சேகரிப்பவர்கள் லஸ்டர் என்று உயிரை விடுவது இதற்குத்தான். சல்பைடு படலத்துக்கு அடியில் லஸ்டர் உயிரோடு இருந்தால்தான் நிறம் ஜொலிக்கும். கை மாறித் தேய்ந்த காசில் கோடுகள் போய்விடுவதால் அதே படலம் சாம்பல் நிறமாகவும் பழுப்பாகவும் மட்டும் தெரிகிறது. அந்தச் சாம்பலும் அழகுதான், என் கண்ணுக்கு. பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகளில் வெள்ளி தெரிகிற ஒரு விக்டோரியா ரூபாயில் ராணியின் உடைவேலைப்பாடு கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். தேய்த்து வெளுத்தால் அதே உடை மொட்டையாகிவிடும்.

என்னிடமுள்ள 1918 ரூபாய் ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கியது. கடைக்காரர் அதைத் தட்டின் மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்தார்.

"அது கொஞ்சம் கறுத்திருக்கு சார். வேணும்னா டிப் பண்ணி வெள்ளையாத் தந்துடறேன்."

"வேணாம்ணே, அப்படியே குடுங்க."

"வெள்ளையா இருந்தாத்தான் சார் போகும்" என்று எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே கவரில் போட்டார்.

பம்பாயில் அடித்தது, பின்பக்கம் அடியிலுள்ள தாமரைக்கருகே சின்னப் புள்ளி இருக்கிறது. மன்னர் முகத்துக்கு முன்னாலுள்ள வெற்றிடத்தில் விளிம்பையொட்டி நீலம், அதற்கு உட்புறம் கருஞ்சிவப்பு, முகத்தை நெருங்க நெருங்கப் பொன். அங்கியில் கோத்திருக்கும் சங்கிலியில் குட்டி யானை ஒன்று உண்டு. 1911இல் முதலில் அடித்தபோது அதன் தும்பிக்கை சின்னதாக அமைந்து பன்றி மாதிரி தெரிந்ததால் பெரிய ரகளையாகி, அடுத்த வருஷம் அச்சை மாற்றினார்கள். என் காசில் யானையைச் சுற்றிப் பழுப்பு சேர்ந்து தும்பிக்கை தனியாக எடுத்துக் காட்டுகிறது. முக்கியமான விஷயம் எழுத்துகளில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையொட்டியும் நிறமே படாத மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. அடிக்கும்போது எழுத்தை ஒட்டிய உலோகம் வேறு மாதிரி வழிந்திருப்பதால் அங்கே நிறம் பின்தங்கும். மெதுவாக, வருஷக்கணக்கில் ஏறிய நிறத்தில்தான் இது இவ்வளவு சுத்தமாகத் தெரியும். பின்பக்கம் வெறும் வெளிர்பொன். ஏதோ பெட்டியின் அடியில் முகம் மேலாகப் பல பத்தாண்டுகள் கிடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

போலியில் இதெல்லாம் இருக்காது. கந்தகப் பொடியோடு வைத்துச் சூடாக்குவது, சல்பைடு கரைசலில் தோய்ப்பது என்று ஓரிரு மணி நேரத்தில் வானவில் செய்கிறவர்கள் உண்டு. அவசரத்தில் ஏற்றிய நிறம் எழுத்து, வெற்றிடம், கீறல், தேய்வு என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் மிதக்கும். மஞ்சளுக்குப் பக்கத்தில் இடைப்பட்ட நிறங்கள் எதுவும் இல்லாமல் பளீரென்று நீலம் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். நன்றாகத் தேய்ந்த காசில் ரோஜாவும் மயில்நீலமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், வைத்துவிட்டு நகருங்கள். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, காசில் இல்லாத நிறத்தைப் படத்தில் கூட்டிவிடுகிறார்கள். ஒரே விளக்கின் அடியில் காசைச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். உண்மையான நிறம் சாய்வுக்கு ஏற்ப மாறும்.

1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் நிறத்தைச் சந்தேகித்தால் மதிப்பெண் தராமல் அதைக் குறித்தே அனுப்புவார்கள். தேய்த்த காசுக்கும் அதே கதி. அவர்கள் தீர்ப்பும் மனிதர் கண்ணால் சொல்வதுதான், ஒரே காசுக்கு இரண்டு முறை இரண்டு பதில் வருவதுண்டு. வானவில்லுக்காக ஒரு சாதாரண டாலருக்குப் பல மடங்கு கொடுப்பது எனக்குக் கொஞ்சம் பித்தாகத்தான் படுகிறது. நம் சந்தையில் அந்தப் பித்து இன்னும் முழுசாக வரவில்லை, வெள்ளையாக இருந்தால்தான் போகும் என்ற கட்சியே இன்னமும் பெரிது. வாங்குபவனுக்கு அது வசதி.

டிப் என்று கடைக்காரர் சொன்னாரே, அது தயோயூரியாவும் அமிலமும் கலந்த திரவம். சில நொடி முக்கினால் சல்பைடு கரைந்துவிடும். ஆனால் சல்பைடாக மாறிய வெள்ளியும் அதோடு போகிறது, அந்த வெள்ளி காசின் தோலிலிருந்து எடுத்தது. இரண்டு மூன்று முறை முக்கினால் லஸ்டர் செத்துக் காசு சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். சரியாகக் கழுவாவிட்டால் சில மாதத்தில் திட்டுத்திட்டாகப் பழுப்பு வேறு வரும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் போட்டு வெளுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் சல்பைடு திரும்ப வெள்ளியாகிறது என்பது உண்மைதான், ஆனால் பழைய இடத்தில் பழைய ஒழுங்கில் போய் உட்கார்வதில்லை. தாம்பாளத்துக்குச் செய்யுங்கள், காசுக்கு வேண்டாம்.

இனி வைத்துக்கொள்வது எப்படி என்பது. இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டோனிங்கை அடியோடு நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். வெள்ளிக்கு நேரம் கொடுத்தால் அது மாறிக்கொண்டேதான் இருக்கும். நீலத்தில் நிற்கிற காசைக் கறுப்புக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

என் அனுபவத்தில் நம் ஊர்க் காசுகளை அதிகம் கெடுத்தது காற்றோ கடலோ இல்லை, பிவிசி. கடைகளில் கிடைக்கும் மலிவான நாணய ஆல்பங்களில் வளைந்து நெளியும் மெத்தென்ற பிளாஸ்டிக் பை இருக்குமே, பிரித்ததும் புது ரெயின்கோட் வாடை அடிக்குமே, அதுதான். அந்த மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசியும், பிளாஸ்டிக் சிதைந்து அமிலமும் வெளியே வரும். அது காசிலுள்ள செம்பைப் பிடித்துப் பச்சையாகப் பிசுபிசுக்கும். பழைய ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், செம்பு மட்டும் 40 சதவீதம், அதனால் அதற்கு ஆபத்து இன்னும் அதிகம். விட்டால் பச்சைக்கு அடியில் குழி விழும், குழிக்கு மருந்து கிடையாது. சென்னை வெயிலில், பீரோவுக்குள், இது எந்த அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

ஆல்பத்தில் பச்சையைப் பார்த்தால் காசை உடனே வெளியே எடுத்து அசிட்டோனில் போடுங்கள். சுத்தமான அசிட்டோன், கெமிக்கல் கடையில் கிடைப்பது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை உள்ளே விட்டு, மூடிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து வேறு அசிட்டோனில் அலசி, துடைக்காமல் அப்படியே உலரவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடவே கூடாது, குப்பென்று பிடிக்கும். அசிட்டோன் பிசுக்கையும் எண்ணெயையும் மட்டும்தான் கரைக்கும், சல்பைடைத் தொடாது. ஆகவே இயற்கையான நிறம் அப்படியே இருக்கும். எதையாவது தடவிப் போலியாக ஏற்றிய நிறம் சில சமயம் கிண்ணத்திலேயே கழன்று உண்மையைச் சொல்லிவிடும், அது உபரி லாபம்.

பிவிசிக்குப் பதிலாக மைலார், பாலிப்ரோப்பிலீன், அக்ரிலிக் கேப்சூல், இவற்றில் எது கிடைத்தாலும் சரி. மைலார் கொஞ்சம் மொறமொறவென்று இருக்கும், மடக்கினால் சத்தம் வரும், வாடை இருக்காது. கடையில் என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால் பெரும்பாலும் "நல்ல பிளாஸ்டிக் சார்" என்றுதான் பதில் வரும், மூக்கை நம்புங்கள். மைலார் ஜன்னல் வைத்த சதுர அட்டை ஹோல்டர் மலிவானது, எழுதிவைக்க வசதியானது. ஆனால் அதிலடிக்கும் ஸ்டேப்ளர் பின் கடலோர ஊரில் துருப்பிடிக்கும், பின்னின் கால் அடுத்த காசைக் கீறும். பின்னை இடுக்கியால் தட்டையாக்கிவிட வேண்டும். நான் எனக்குப் பிடித்தமான காசுகளுக்கு ரூபாயின் அளவுக்குப் பொருந்தும் கேப்சூல் வாங்கிக்கொள்கிறேன், மற்றவற்றுக்கு அட்டை.

நகைக்கடைக்காரர் வெள்ளியை மடித்துத் தரும் அந்த ரோஸ் காகிதத்தைக் காசுக்குப் போடாதீர்கள், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். செய்தித்தாளும் வேண்டாம். வெல்வெட் பெட்டி பார்க்க ராஜகளையாக இருக்கும், அந்தத் துணியையும் பசையையும் நம்பி வெறும் காசை வைத்தால் எந்தப் பக்கம் துணியைத் தொட்டதோ அந்தப் பக்கம் கதை சொல்லும். கேப்சூலுக்குள் போட்டு வைத்தால் சரி. ரப்பர் பேண்டை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ரப்பரைக் கெட்டிப்படுத்தவே கந்தகம்தான் சேர்க்கிறார்கள், காசைச் சுற்றிப் போட்டால் கறுப்புக் கோடு விழுந்து அழியவே அழியாது. வெள்ளிப் பாத்திரப் பெட்டியில் கற்பூரம் போட்டுவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கற்பூரம் ஆவியாகி எங்கே தோன்றுகிறதோ அங்கே மறுபடி படியும், காசின் மேல் அது எதற்கு? அந்துருண்டையும் அப்படியே, அது சேலைகளோடு இருக்கட்டும்.

ஈரத்துக்கு சிலிக்கா ஜெல். வாட்டர் பாட்டிலோடும் செருப்போடும் வரும் பொட்டலத்தைச் சேர்த்துவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எப்போதோ ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறிக் காட்டும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். கந்தகத்தையே பிடித்துக்கொள்ளும் தாள்களும் வருகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான இன்டர்செப்ட் என்ற வகை செம்புத் துகள்கள் பொதிந்தது, வெள்ளிக்கு வரவேண்டிய கந்தகத்தை அந்தச் செம்பு தின்றுவிடும். ஒரு டப்பா, அதில் கேப்சூல்கள், கூட அந்தத் தாள் ஒன்று, சிலிக்கா ஜெல் கொஞ்சம், இறுக மூடிய மூடி. இவ்வளவு போதும், பெரிய செலவும் இல்லை. எந்த அறை என்பதுதான் நிஜமாக யோசிக்க வேண்டியது. சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் இருக்கும் அலமாரி கூடாது, குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோவும் கூடாது. வங்கி லாக்கர் திருடனிடமிருந்து காக்கும், ஈரத்திலிருந்தும் காக்கும் என்று சொல்ல முடியாது. லாக்கரில் வைத்தால் டப்பாவுக்கு வெளியே இன்னொரு பாலித்தீன் ஜிப் பையும் போடுங்கள், தரநிர்ணய நிறுவனங்கள் சீல் வைத்துத் தரும் ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும் காசானாலும் சரி. ஸ்லாப் என்பது காற்றுப் புகாத பெட்டி அல்ல, அதற்குள்ளும் காசு நிறம் மாறும்.

கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், 11.66 கிராம் வெள்ளி மொசைக் தரையில் விழுந்தால் விளிம்பில் காயம் நிச்சயம். விரல் ரேகை அப்போது தெரியாது, அடுத்த வருஷம் பழுப்பாக, போலீஸ் பதிவேட்டுக்குக் கொடுத்த மாதிரி தெளிவாக எழுந்து நிற்கும். காசின் மேல் குனிந்து பேசவும் வேண்டாம். எச்சில் துளி விழுந்த இடம் கரும்புள்ளியாகும். நண்பர்கள் கூடிக் காசு பார்க்கும்போது இதை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எல்லாக் கறுப்பையும் வணங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படலம் கரியாகத் தடித்து, கீழே எதுவும் தெரியாமல் போன காசு உண்டு. அந்த நிலையில் அது பரப்பை அரித்திருக்கும், வெளுத்தாலும் கீழே சொரசொரப்புதான் மிஞ்சும். விட்டாலும் அழகில்லை, எடுத்தாலும் அழகில்லை, அந்த மாதிரிக் காசை நான் வாங்குவதில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு வெள்ளி குளோரைடாக மாறிய சாம்பல் திட்டு வேறு வகை, மண்ணிலிருந்து எடுத்த காசின் பச்சைக் கட்டி வேறு வகை. அவற்றை வீட்டில் வைத்து நோண்டாமல் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

விபூதி பட்ட காசு வீட்டில் ஏற்கெனவே இருந்தால்? தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிட்டு, ஹோல்டரில் போட்டு வையுங்கள். கொஞ்ச வருஷத்தில் மெல்லிய பழுப்பு ஏறிக் கீறல்களைக் கொஞ்சம் மூடும். தரநிர்ணயக்காரர் கண்ணை ஏமாற்றாது, விற்றால் பெரிய விலையும் வராது, பார்க்க மட்டும் கண்ணுக்கு இதமாக இருக்கும். பூஜைக்குக் காசு வேண்டும் என்றால், கடையில் லட்சுமி போட்டுப் புதிதாக விற்கிறார்களே, அதை வாங்கித் தட்டில் வைத்து ஆசை தீரத் தேய்க்கலாம். அத்தை வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது. 1901 என்னிடம் வந்துவிட்டது.